மேடையில் கொடுத்த மெஷின்

நான் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். அம்மையார் உயிரோடு இருந்தவரை பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இப்போது அவர் இல்லை. அவருக்கு நினைவு மலர் போடப்போவதாகவும், பழகியவர்கள் எல்லோரும் தங்கள் நினைவுகளை எழுதி அனுப்பலாம் என்றும் ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுத்திருக்கிறீர்கள். நானும் பழகியவன்தான். அவருடைய மாதர் தையற் சங்கத்தில் ஏழெட்டு வருஷம் செயலாளர் என்ற பெயரில் நாற்காலியைத் தேய்த்தவன். ஆகவே எழுதுகிறேன்.

செய்தி எனக்கு ஆட்டோவில் வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டிருந்தேன். கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ ஒன்று ஊர்ந்து வந்தது. "ஏழைப் பெண்களின் தாய், மாதர் குல மாணிக்கம், தலைவியம்மா ஞானாம்பாள் அவர்கள் இன்று காலை..." என்று உள்ளே இருந்தவன் சினிமா விளம்பரம் செய்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே போனான். டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரைக் கழுவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யாரு சார், மெஷின் குடுப்பாங்களே, அந்தம்மாவா?"

"அவங்கதான்."

"அடப் பாவமே. நல்ல மனசு சார். எத்தினி மெஷின் குடுத்திருப்பாங்க?"

"மூணு" என்றேன்.

"மூணாயிரமா?" என்றார்.

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

அந்த மூன்று மெஷின்களைப் பற்றி ஊரில் பலருக்கும் தெரியும். தெரிந்தும் மாலையோடு வரிசையில் நின்றார்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, கல்லூரி வேலைக்கு எழுதிப் போட்டு எழுதிப் போட்டு ஓய்ந்திருந்த சமயம். ஞானாம்பாள் அம்மையாரின் கணவருக்குக் கடலை எண்ணெய் மில் இருந்தது. கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துக் கடலையில் பெரும்பங்கு அந்த மில்லுக்குத்தான் வரும். அம்மையார் தேரடிக்கு அருகே ஒரு நீளமான கூடத்தை வாடகைக்கு எடுத்து, பெண்கள் சுயதொழில் செய்து முன்னேற வேண்டும் என்று சங்கம் தொடங்கியிருந்தார். வேலை கேட்டுப் போனேன். என் சான்றிதழ்களை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"எம்மே படிச்சிருக்கீங்களாமே. கையெழுத்து நல்லா இருக்குமா?"

"இருக்கும்மா."

"சபையில பேசற மாதிரி எழுத வருமா?"

"வரும்."

"அப்ப சரி. நான் பேசறதை நீங்க எழுதுங்க" என்றார். அந்த வாக்கியத்தில் இருந்த விசித்திரம் அவருக்கு உறைக்கவே இல்லை. அன்றிலிருந்து வேலூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த ஒவ்வொரு அதிகாரியிடமும் என்னை ஒரே விதமாகத்தான் அறிமுகப்படுத்தினார்: "நம்ம எழுதற பையன்." தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் நான் பையன்தான்.

சங்கத்தின் நடைமுறை இது. வருஷத்தில் ஐந்தாறு முறை விழா நடக்கும். கார்த்திகை தீபத்துக்கு அதிகாரிகள் ஊருக்கு வருவார்கள். அவர்களை விட்டுவிட முடியுமா? பொங்கலுக்கு ஒன்று, ஆடிப் பூரத்துக்கு ஒன்று, யாராவது பெரிய மனிதர் கோயிலுக்கு வருவதாகத் தெரிந்தால் அதற்கு ஒன்று. ஒவ்வொரு விழாவிலும் மூன்று ஏழைப் பெண்களுக்குத் தையல் மெஷின் வழங்கப்படும். மெஷின்களுக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, கழுத்தில் மாலை போட்டு மேடையில் நிறுத்தியிருப்போம். பெண்ணின் பெயரைக் கூப்பிடுவார்கள். அவள் வந்து மெஷின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதிகாரி மறுபக்கம் ஒரு கையை வைப்பார். நடுவில் அம்மையார். போட்டோ எடுத்தவுடன் அவள் இறங்கிப் போய்விட வேண்டும். கூட்டம் கேசரி சாப்பிடப் போகும். மெஷின்கள் கூடத்துக்குப் போகும். மாலை மட்டும் அன்றே வாடும். அடுத்த விழாவுக்கு அதே மூன்று மெஷின்கள் புதுச் சந்தனத்தோடு மேடை ஏறும்.

பெண்கள் கேட்கமாட்டார்களா என்றால், கேட்கமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லித்தான் கூட்டிவருவார்கள். மறுநாளிலிருந்து கூடத்துக்கு வந்து, முறை வைத்துக்கொண்டு அதே மெஷின்களில் உள்பாவாடையும் பள்ளிக்கூடச் சீருடையும் தைக்கலாம். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் கூலி வெளிக்கடைக் கூலியைவிடக் கம்மி. ஆனால் ஆண்டறிக்கையில் அவர்கள் தொழிலாளிகள் இல்லை, "சொந்தத் தொழில் நடத்தும் மகளிர்". இதில் ஏதோ சரியில்லையே என்று நான் ஒருமுறை சொன்னபோது அம்மையார் கோபப்படவில்லை. பொறுமையாகப் புத்தி சொன்னார்:

"குடுக்கறது முக்கியமில்ல தம்பி. குடுக்கறதை நாலு பேர் பாக்கறதுதான் முக்கியம். அதைப் பாத்து நாலு பேர் குடுப்பாங்க இல்ல?"

நாலு பேர் கொடுத்தார்கள். அம்மையாரிடம் கொடுத்தார்கள்.

நியாயத்துக்காக ஒரு சம்பவத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஏதோ கையெழுத்துக்காக என்னையும் கூட்டிக்கொண்டு அம்மையார் மில்லுக்குப் போனார். அவர் மில்லுக்குள் நுழைந்து நான் பார்த்தது அந்த ஒரே முறைதான். கணவர் கடலை வியாபாரிகளோடு பேசிக்கொண்டிருந்தார். சிறிது நேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்மையார், "புண்ணாக்கை இங்கயே விக்கறதைவிட ஈரோட்டுக்கு அனுப்பலாமே, அங்கருந்து வர லாரிதான் காலியா திரும்புதே" என்றார். அது நல்ல யோசனை என்பது எனக்கே தெரிந்தது. வியாபாரிகள் கணவரின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் நாற்காலியில் சாய்ந்து, "என்னா, வூட்ல எண்ணெய் தீந்துபோச்சா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு கூலியாள் டின் எண்ணெயைத் தூக்கிக்கொண்டு எங்கள் பின்னால் வந்தான். 

இதைப் படித்து அவர்மேல் இரக்கம் வந்தால் தயவுசெய்து அடக்கிக்கொள்ளுங்கள். எனக்கும் அன்று ஒரு மணி நேரம் வந்தது. தனக்குத் தொழில் செய்யத் தெரியும், தன்னைச் செய்ய விடவில்லை என்று அறிந்த பெண்மணி, இருபது பெண்களைத் தன் கூடத்தில் உட்கார்த்தி அவர்களைச் சொந்தத் தொழில் செய்ய விடாமல் பார்த்துக்கொண்டார். கணவர் அவருக்குக் கொடுத்தது ஒரு டின் எண்ணெய். அவர் மற்றவர்களுக்குக் கொடுத்தது ஒரு தட்டுக் கேசரி. இதில் யாருடைய மனசு பெரியது என்று ஆராய எனக்குப் பொறுமை இல்லை.

இனி ஜைத்தூன்பீயின் கதைக்கு வருகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசிய ஆறு பேரில் நான்கு பேர் அவள் பெயரைச் சொன்னார்கள். நாலு பேரும் பொய் சொன்னார்கள்.

ஜைத்தூன்பீ மசூதிக்குப் பின்னால் இருந்த சந்தில் குடியிருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள். கணவன் தையற்காரன். அவனிடமே தொழில் கற்றிருந்தாள். அவன் பம்பாய்க்குப் போகிறேன் என்று போனவன் திரும்பவில்லை; போவதற்குமுன் மெஷினையும் விற்றுவிட்டுப் போனான். அவளுடைய தம்பி பஸ் ஸ்டாண்டில் ஜட்கா குதிரைவண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். சங்கத்து விழாவுக்குப் பெயர் கொடுத்திருந்த மூன்றாவது பெண்ணுக்கு அன்று காலை பிரசவ வலி வந்துவிட்டது. யாரையாவது பிடித்து வா என்று ஆள் அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டில் தம்பி சொல்ல, ஜைத்தூன்பீ வந்து சேர்ந்தாள். அவசரத்தில் அவளுக்கு யாரும் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

அன்று வந்திருந்தவர் பெரிய அதிகாரி. கொஞ்சம் இளகிய மனசு. ஜைத்தூன்பீ மேடையில் ஏறி நின்றபோது, புருஷன் எங்கே என்று விசாரித்தார். அவள் உள்ளதைச் சொன்னாள். அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. அம்மையார் அதைக் கவனித்தார். அப்படிப்பட்ட இடங்களை அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. நான் எழுதிக் கொடுத்த தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மைக்கைக் கிட்டே இழுத்து, தானாகவே பேசினார்:

"கேட்டுக்கம்மா ஜைத்தூனு. இந்த மெஷின் இன்னையிலருந்து உன் சொத்து. உன் வூட்டுக்கு எடுத்துகினு போ. உன் கையால தைச்சு, உன் பேர்ல கடை வெச்சு, நீ நாலு பேருக்கு வேலை குடுக்கணும். எவனும் உன்னைக் கேள்வி கேக்கக் கூடாது."

கைதட்டல் அடங்க நேரம் ஆயிற்று. ஒலிபெருக்கி தேர் நிற்கிற இடம் வரைக்கும் கட்டியிருந்தது. கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள்.

கேசரி தீர்ந்து, அதிகாரியின் ஜீப் போன பிறகு மெஷின்களைக் கூடத்துக்கு ஏற்ற ஆள் வந்தான். இரண்டுதான் இருந்தன. வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"இன்னொண்ணு எங்கய்யா?"

"ஜட்கா வந்துதே சார். ஏத்திகினு போய்ட்டாங்க."

"யாரு?"

"அந்த அம்மாதான். நான்தான் ஸ்டாண்டைத் தூக்கிக் குடுத்தேன். மாலையை மட்டும் கழட்டி மாட்டுக்குப் போட்டுட்டாங்க. ஏன் சார், குடுத்தாங்கள்ள?"

இந்த ஊரில் மேடையில் கொடுத்ததை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்த ஒரே ஆள் அவள்தான். அந்தத் தப்பை அதற்கு முன்னும் யாரும் செய்ததில்லை, பின்னும் யாரும் செய்ததில்லை.

அம்மையார் என்னை அனுப்பினார். போனேன். அந்தச் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படி ஏற வேண்டும். ஜைத்தூன்பீயின் அறையில் ஜன்னலுக்குப் பக்கத்தில் மெஷின் உட்கார்ந்திருந்தது. ஏற்கெனவே எண்ணெய் விட்டு, யாருடைய ஜாக்கெட்டோ பாதி தைத்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் துணியோடு காத்திருந்தார்கள். நான் சுற்றிவளைத்து விஷயத்தைச் சொன்னேன். காலை எடுக்காமல், மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"சார், மைக்குல சொன்னாங்களே."

"விழாவுல அப்பிடித்தாம்மா சொல்லுவாங்க."

"விழாவுல சொன்னா பொய்யா சார்?"

"பொய்னு இல்ல..."

"அப்ப நெஜம்தானே?"

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி மெஷினைக் குனிந்து பார்த்துவிட்டு, "ஏன் சார், புது மெஷின்னு சொன்னாங்க. தொ பாருங்க, பொட்டுக்கு அடியில பொட்டு, அதுக்கடியில இன்னொரு பொட்டு. கடையிலயே கல்யாணம் பண்ணி அனுப்பினாங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. வெறுங்கையோடு திரும்பினேன்.

மறுநாள் அம்மையாரே வந்தார். வண்டியை மசூதி முனையில் நிறுத்திவிட்டு, பட்டுப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நான் பின்னால் குடையோடு. கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்துகிற ரகம் இல்லை. வாசலில் நின்று, தேன் ஒழுகப் பேசினார்.

"நல்லா இருக்கியாம்மா? மெஷின் எப்பிடி ஓடுது?"

"நல்லா ஓடுதும்மா. உங்க புண்ணியம்."

"கம்பெனில சர்வீஸ் பண்ணித் தராங்களாம். எல்லா மெஷினும் அனுப்பறோம். உன்னுதையும் குடு, ரெண்டு நாள்ல வந்துடும்."

"எதுக்கும்மா உங்களுக்கு சிரமம்? ரிப்பேர் ஆனா நானே பாத்துப்பேன். என் சொத்துதானே."

"உன் சொத்துதான், யார் இல்லன்னது? சங்கத்துலயே வெச்சிருந்தா பத்திரமா இருக்கும்னு சொல்றேன். ஒண்டிப் பொம்பள வூடு."

"மெஷின் இருந்தா நான் ஒண்டி இல்லம்மா" என்றாள் ஜைத்தூன்பீ. "உள்ள வாங்க, டீ போடறேன். ஜாக்கெட் துணி இருந்தா குடுங்க, மொதல் ஜாக்கெட் உங்களுக்குக் காசு வாங்காம தைச்சுத் தரேன்."

அவள் கேலி செய்யவில்லை. மனசாரச் சொன்னாள். அதுதான் அம்மையாரால் தாங்க முடியாமல் போயிற்று என்று நினைக்கிறேன். கேலி செய்திருந்தால் பதில் வைத்திருப்பார். திரும்பும்போது வண்டியில் சொன்னார்: "ஏழைங்களுக்கு ஒரு நாள் சந்தோஷம் போதும் தம்பி. ஜாஸ்தி குடுத்தா தாங்காது." என் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அதையும் அடுத்த பேச்சில் சேர்த்துக்கொள் என்கிற மாதிரி.

அதன் பிறகு நடந்தவற்றை உங்களில் யாரும் மலரில் எழுதமாட்டீர்கள். அடுத்த வாரமே சங்கத்து மெஷின் திருட்டுப் போனதாகப் போலீசில் எழுதிக் கொடுக்கச் சொன்னார். செயலாளர் என்ற முறையில் நான் கையெழுத்துப் போட வேண்டும். முடியாது என்றேன். நான் பெரிய வீரன் ஒன்றும் இல்லை. அன்று காலைதான் ஒரு துணிக்கடைக்காரரிடம் என்னைப் "பையன்" என்று சொல்லியிருந்தார். அந்தக் கொதிப்பும் இருந்தது. எதுவானாலும் போடவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். வரவில்லை. எனக்குப் பதிலாக அவருடைய தங்கை மகன் கையெழுத்துப் போட்டான்.

அந்தப் புகார் என்ன ஆயிற்று என்பதை ஸ்டேஷனில் இருந்த ஏட்டு ஒருவர் பிற்பாடு எனக்குச் சொல்லிச் சிரித்தார். ஜைத்தூன்பீயைக் கூப்பிட்டு விசாரித்தார்களாம். அவள் ஒரு பேப்பர் துண்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாளாம். விழாப் படம் பேப்பரில் வர வேண்டும் என்று அம்மையார் எவ்வளவு பாடுபட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். படம் வந்திருந்தது. மெஷின்மேல் அதிகாரியின் கை ஒரு பக்கம், அவள் கை ஒரு பக்கம், நடுவில் அம்மையார் சிரித்த முகம். கீழே, ஏழைப் பெண்ணுக்குத் தையல் மெஷின் வழங்கப்பட்டது என்று அச்சு.

"குடுத்ததைத் திருடிட்டாள்னு நான் எப்பிடி சார் எழுதறது?" என்றார் ஏட்டு. "அந்தம்மாகிட்ட போய், பேப்பர்காரன் பொய் எழுதிட்டான்னு எழுதிக் குடுங்க, அப்பறம் பாக்கலாம்னு சொல்லிட்டேன். அதோட சரி."

போலீசால் முடியாதபோது ஊர் இருந்தது. மில்காரர் குடும்பத்தோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத வீடு இந்த ஊரில் எத்தனை? அவளிடம் யாரும் துணி கொடுக்கக் கூடாது என்று அம்மையார் உத்தரவு போடவில்லை. நவராத்திரிக்கு வந்த பெண்களுக்கு வெற்றிலை பாக்கு கொடுக்கும்போது, "அவகிட்ட குடுத்தா துணி திரும்பி வராதாம், ஜாக்கிரதை" என்று மட்டும் சொன்னார். போதாதா? அந்த மழைக்காலம் முழுக்க ஜைத்தூன்பீயின் மெஷினுக்கு வேலை இல்லை. பெரிய மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். மெஷினை விற்றுவிடலாமா என்று தம்பியிடம் கேட்டாளாம். அவன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறான்.

நான் அப்போது ஒரு டுடோரியல் காலேஜில் தேறாதவர்களுக்குப் பாடம் எடுக்கச் சேர்ந்திருந்தேன். கேள்விப்பட்டதும் கொதித்துப்போய் அவளிடம் சென்று, நடந்ததை எல்லாம் எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன் என்றேன். அவள் பதறிவிட்டாள்.

"வேணாம் சார். நீங்க எழுதுவீங்க, பேப்பர்ல வரும், நாலு நாள் பேசுவாங்க. அப்பறம் எனக்கு யாரு துணி குடுப்பாங்க? சண்டக்காரின்னு ஆயிடும். அந்தம்மா இருக்கற வரைக்கும் வாயத் தொறக்காதீங்க. எனக்குக் கடை வெக்கணும் சார்."

நான் இத்தனை வருஷம் பேசாமல் இருந்த காரணம் இதுதான். பயந்துவிட்டேன் என்றும், அம்மையார் என் வாயை அடைத்துவிட்டார் என்றும் பேசிய பெரிய மனிதர்கள் மலர்க்குழுவிலேயே இருக்கிறீர்கள். உங்கள் பெயர்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன.

அவளைக் காப்பாற்றியது ஊர் இல்லை. அவளுடைய தம்பியின் ஜட்காவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோட்டுக்கு வெள்ளைக்காரர்கள் ஏறுவார்கள். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்து மாசக்கணக்கில் தங்குகிறவர்கள். அவர்களுக்குத் தொளதொளவென்று பைஜாமாவும் மேல்சட்டையும் வேண்டும். தியானத்துக்கு உட்காரத் திண்டு வேண்டும். அவர்களில் யாருக்கும் தலைவியம்மாவைத் தெரியாது. தம்பி ஒருத்தியைச் சந்துக்குக் கூட்டிவந்தான். அவள் அடுத்த வாரம் நாலு பேரைக் கூட்டிவந்தாள். ஜைத்தூன்பீ பிறகு செங்கம் ரோட்டிலேயே ஒரு முன்னறையை வாடகைக்கு எடுத்தாள். இன்னொரு மெஷின் வாங்கினாள். அப்புறம் ஒன்று. அம்மையாரின் கூடத்தில் உள்பாவாடை தைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் யார் கண்ணிலும் படாமல், முக்காடு போட்டுக்கொண்டு போகிற மாதிரிப் போய் அவளிடம் வேலைக்குச் சேர்ந்தார்கள். மேடையில் சொன்னபடியே எல்லாம் நடந்தது. சொன்னவருக்குத்தான் வயிறு எரிந்தது.

எரிந்த வயிற்றை அணைக்க அம்மையாருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் தெரியாதபடி உபயம் எழுதுகிற ஊர் இது. ஒருநாள் ஆள்வசம் நல்ல தேக்குப் பலகை ஒன்று கடைக்கு வந்தது. "இக்கடை மாதர் தையற் சங்கத்தின் உதவியால் அமைந்தது" என்று கொட்டை எழுத்து. அதற்குமேல் அதைவிடக் கொட்டையாக அம்மையாரின் பெயர். ஒரு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது வாசலில் பலகை தொங்கியது. எனக்குச் சுருக்கென்றது. கிட்டே போய்ப் பார்த்தால் "ஜைத்தூன் டெய்லர்ஸ்" என்று இருந்தது.

"நல்ல பலகை சார், வீணாக்க மனசு வரல. திருப்பிப் போட்டு எழுதிட்டேன்" என்றாள்.

போன வாரம் இரங்கல் கூட்டம் நடந்தது. கடைசி வரிசையில் நின்றேன். "அம்மா கொடுத்த மெஷினால் இன்று பத்துப் பேருக்கு வேலை கொடுக்கும் ஜைத்தூன்பீயே சாட்சி" என்று ஒருவர் முழங்கினார். "அம்மா கண்டெடுத்து வளர்த்த செடி" என்றார் இன்னொருவர். போலீஸ் புகாரில் கையெழுத்துப் போட்ட தங்கை மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜைத்தூனுக்குக் கடை வைத்துக் கொடுத்த அன்று அம்மா எவ்வளவு சந்தோஷப்பட்டார் என்று விவரித்தான். அந்த மெஷின் கூட்டத்தின் வாயில் ஒரே மாலையில் நான்கு முறை மறுபடியும் வழங்கப்பட்டது. அம்மையார் இருந்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

கூட்டம் முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். அவள் கத்தரியோடு நின்றுகொண்டிருந்தாள். என்னென்ன பேசினார்கள் என்று சொன்னேன். துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டாள்.

"பேசிட்டுப் போறாங்க சார். அந்தம்மா அன்னிக்கு மைக்குல சொல்லலன்னா எனக்கு ஏது மெஷின்?"

"அது மனசார சொன்னது இல்ல."

"அவங்க மனசு எனக்கு எதுக்கு சார்? வாயி சொல்லுச்சு, எனக்குப் போதும்."

அம்மையாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பதும் அந்த ஒரு பேச்சுத்தான். என் எழுத்துகளை வருஷக்கணக்காகத் தன் பேச்சாகப் பேசியவர், என் தாளைப் பார்க்காமல் ஒரே ஒரு முறை பேசினார். அவர் பேசியதிலேயே பலித்தது அது ஒன்றுதான். அதைப் பொய்யாகத்தான் சொன்னார். நம்பி எடுத்துக்கொண்டு போனவள் அதை மெய்யாக்கினாள். இதற்காக அம்மையாருக்கு நன்றி சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்தக் குரலை மறக்கவும் முடியவில்லை. தேரடி முழுக்க அதிரும்படி, இது உன் சொத்து, எவனும் உன்னைக் கேள்வி கேட்கக் கூடாது என்று சொன்ன குரல். புண்ணாக்கை ஈரோட்டுக்கு அனுப்பலாம் என்று சொன்னபோதும் அதே குரல்தான்; அங்கே மைக் இல்லை.

இனி எழுதலாமா என்று ஜைத்தூன்பீயிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதுங்க சார். என் பேரையும் போடுங்க, மாத்த வேணாம். இனிமே எனக்கென்னா? ஆனா உங்க பேரைப் போடாதீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஏன் என்றேன். இத்தனை வருஷம் காத்திருந்தவன் நான். என் வேலை போயிற்று. என் பெயரில் ஒரு வரியாவது அச்சில் வரவேண்டும் என்று எனக்கு ஆசை இருக்காதா?

"நீங்க பேர் போட்டா என்னா சொல்லுவாங்க? 'ஓகோ, அந்த சார்தான் சொல்லிக் குடுத்து அவளை எடுத்துகினு போவச் சொல்லியிருக்காரு'ன்னுவாங்க. இத்தினி நாளா அந்தம்மா குடுத்ததுன்னாங்க. இனிமே நீங்க குடுத்ததுன்னுவாங்க." கத்தரியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "யாரும் சொல்லிக் குடுக்கல சார். நானாத்தான் எடுத்துகினு போனேன்."

 இந்த ஊரை அவள் என்னைவிட நன்றாக அறிவாள் என்று ஒப்புக்கொள்வது கசப்பாக இருக்கிறது. ஆனால் அவள் சொன்னதுதான் நடக்கும். ஆகவே, மலர்க்குழுவினரே, உறையின் பின்புறம் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். செயலாளர் என்று சொன்னபோதே யார் எழுதியது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கேட்டால் இல்லை என்பேன். கையெழுத்துப் போடாமல் இதை இன்று மாலைத் தபாலில் சேர்க்கிறேன்.